பூட்டிய ரேடியோவின் ஆயுசு

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள், வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்த என் மாமனார், மகளுக்காக ஒரு வால்வு ரேடியோவைத் தலையில் சுமக்காத குறையாகக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்தார். நான்கு குமிழ், முகத்தில் மஞ்சள் விளக்கு, முன்னால் தங்கநிறத் துணி. "பத்திரம் மாப்ளே. ஒங்க மக கல்யாணத்துக்கும் இது பாடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு அப்போது மகளே பிறக்கவில்லை.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ரேடியோக் கடைக்காரரிடம் போய், "இதுக்கு ஆயுசு எம்புட்டு இருக்கும்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "வால்வுங்கிறது பல்பு மாதிரி சார். எரிய எரியக் கொறையும்" என்றார்.

அவர் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு அதை மறந்துவிட்டார். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ரேடியோவில் என்ன பாட்டு வந்தாலும் என் காதில் 'கொறையுது, கொறையுது' என்றுதான் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று தலையாட்டினால், எங்கள் வால்வை நின்றபடியே தின்கிறார்கள் என்று தோன்றும்.

ஆகவே, காலையில் செய்தி கேட்க மட்டும் அரைமணி நேரம் என்று சட்டம் போட்டேன். குமிழை யாரும் திருகிவிடக் கூடாது என்று தச்சரை வைத்து ரேடியோவுக்கு வெளியே இன்னொரு மரப்பெட்டி செய்தேன். "காத்துப் போக ஓட்டை வைக்கவா?" என்று அவர் கேட்டார். "தூசி போயிரும்" என்றேன். பின்பக்கம் ஒயர் நுழைய மட்டும் ஒரு துளை.

பெட்டிக்குப் பூட்டு வேண்டும். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு சாதாரணப் பூட்டு போடலாமா? பட்டறைக்காரர் ஒருவர் தானே அடித்துச் செய்த பூட்டைக் கொடுத்தார். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். திறக்கத்தான் சாவி வேண்டும். அதில் ஒரு வில்லத்தனமும் இருந்தது. மேல் துளையில் வேறு சாவியைப் போட்டுத் திருகினால் அந்தச் சாவியைக் கவ்விக்கொள்ளும். சரியான சாவி வந்து கீழ்த் துளையில் திரும்பினால்தான் விடும். சாவியை என் மனைவியின் இடுப்பில் சொருகச் சொன்னேன். என்னை நானே நம்பவில்லை. அது ஒன்றுதான் அந்த வருஷம் நான் எடுத்த சரியான முடிவு.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. மாமனாருக்கு எழுதும் கடிதங்களில் எல்லாம் 'ரேடியோவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்' என்று ஒரு வரி சேர்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கண்ணைப் பார்க்க அவரே வருவதாகப் பதில் வந்தது.

அன்று காலை மனைவி பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு மாதா கோயிலுக்குப் புறப்பட்டாள். பூசை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அப்பாவைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. எனக்கு முழங்கால் வலி. அது ஞாயிற்றுக்கிழமைப் பூசை நேரத்துக்கு மட்டும் வரும் வலி.

"நியூஸ் முடிஞ்சதும் ஆஃப் பண்ணிட்டு பூட்ட அமுக்கிருங்க. மறந்துறாதீங்க."

"நானா மறப்பேன்?"

செய்தி முடிந்தது. நான் அணைக்கவில்லை. முள்ளைத் தள்ளி, சினிமாப் பாட்டு வரும் இடத்தில் நிறுத்தினேன். ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவன் முழங்கால் வலியோடு தாளம் போட்டு ஆடிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் காலடிச் சத்தம். அவள்தான் திரும்பிவிட்டாள் என்று குமிழைத் திருகி, கதவைச் சாத்தி, பூட்டை அமுக்கிவிட்டுக் கட்டிலில் விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

வந்தது ஒரு ஆடு.

ஆட்டை விரட்டிவிட்டுத் திரும்பினால், பெட்டிக் கதவின் இடுக்கில் மஞ்சளாக வெளிச்சம் தெரிகிறது. திருகிய அவசரத்தில் சத்தம் மட்டும்தான் குறைந்திருக்கிறது. ரேடியோ உள்ளே ஊமையாக எரிந்துகொண்டிருந்தது.

பெட்டியைத் தொட்டேன், சுட்டது. முகர்ந்தேன், வார்னிஷ் வாடை. உள்ளே காற்றில்லாமல் வால்வு வெந்து, மாமனார் வந்து கதவைத் திறக்கும்போது ஒரு பிடி சாம்பல் இருக்கும். 'கண்ணுக்குள் வைத்து' என்று ஆறு கடிதம் எழுதிய மாப்பிள்ளை அதைப் பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டியதுதான்.

கையில் இருந்தது நான் ஓவியம் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்தின் பீரோ சாவி. பூட்டின் குணம் தெரிந்தும் அதைப் போட்டுத் திருகினேன். பூட்டு 'டக்' என்று கவ்விக்கொண்டது. இப்போது ரேடியோவும் போச்சு, பீரோவும் போச்சு. துண்டை நனைத்துப் பெட்டியின் தலையில் போட்டேன், காய்ச்சல்காரனுக்குப் போடுவதுபோல. சாவி கேட்டுக் கோயிலுக்குப் போனால் முழங்கால் வலி அம்பலமாகிவிடும். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பட்டறைக்குச் சைக்கிளில் பறந்தேன்.

பட்டறைக்காரர் வந்தார். பூட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா, கவ்விருச்சா! வாத்தியாரய்யா, என்னமாப் பிடிச்சிருக்கு பாத்தீங்களா?"

"அண்ணே, உள்ள ரேடியோ எரியுது. ஒடைங்கண்ணே."

"எத? பூட்டயா?" பிள்ளையைக் கொல்லச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். "ஒங்க பேரன் காலத்துக்கும் வரும் இது. வேணும்னா பெட்டிய ஒடைங்க."

"தேக்குண்ணே!"

"அப்பச் செத்த நேரம் பொறுங்க. அம்மா சாவியோட வந்துரும்ல?"

"வரதுக்குள்ள வால்வு செத்துரும்ணே!"

கடைசியில் மனமிரங்கி, ஆளுக்கொரு பனையோலை விசிறி எடுத்துக்கொண்டோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பெட்டிக்கு விசிறினோம். நடுவில் அவர் நிறுத்திப் பூட்டை ஒரு முறை தடவிக் கொடுப்பார்.

அந்தக் கோலத்தில்தான் மாமனாரும் மனைவியும் உள்ளே வந்தார்கள். ஈரத் துண்டு போட்ட பெட்டி. இரண்டு பக்கமும் விசிறியோடு இரண்டு ஆம்பிளைகள். மாமனார் சாவு வீட்டுக்குள் நுழைவதுபோல் செருப்பை மெல்லக் கழற்றினார்.

நான் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன், பாட்டு தவிர. அவர் பெட்டியின் பின்னால் வந்த ஒயரைக் கண்ணால் பிடித்தார். அது சுவரில் ஏறியது. அவரும் நிமிர்ந்துகொண்டே போனார். நான் சட்டையை எடுத்த ஆணிக்கு ஒரு சாண் கீழே கையை நீட்டி எதையோ பிடுங்கினார். இடுக்கில் வெளிச்சம் அணைந்தது.

"மாப்ளே, இது என்ன?"

"பிளக்கு, மாமா."

"ஒங்க வீட்டுதுதான?"

பட்டறைக்காரர் விசிறியை என் மடியில் வைத்துவிட்டு, "நான் பூட்டத்தான் பாத்தேன்" என்று விலகிக்கொண்டார்.

மனைவி சாவியைக் கீழ்த் துளையில் போட்டாள். பீரோ சாவி விடுதலையாயிற்று. கதவைத் திறந்ததும் இட்லிப் பானை மூடியை எடுத்ததுபோல் முகத்தில் அனல் அடித்தது. சற்று ஆற விட்டு, மாமனார் மறுபடி பிளக்கைச் சொருகிக் குமிழைத் திருகினார். வால்வு சூடேறுகிற அந்த அரை நிமிஷம், என் வாழ்க்கையில் நான் உண்மையாகச் செபம் செய்த நேரம்.

பாடியது. தொண்டை திறந்து, தெருவே கேட்கப் பாடியது. காதலன் காதலியைக் குளத்தங்கரையில் துரத்துகிற சினிமாப் பாட்டு.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு என் முழங்காலைப் பார்த்தாள். "இன்னிக்கு நியூஸ் நல்லாருக்கே" என்றாள்.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க மில்லுல சூடுன்னா சன்னலத் தொறந்து விடுவோம். நீங்க கதவச் சாத்தில்ல பூட்டு போட்டிருக்கீங்க? ஓடுற மிஷினுக்கு ஒண்ணும் ஆகாது மாப்ளே. வெளிய எடுத்து வைங்க, பாடட்டும்."

பாடுகிறது. பத்து வருஷமாகக் காலை முதல் பாடுகிறது. நடுவில் ஒரு வால்வு போகத்தான் செய்தது. நான் வேர்த்து விறுவிறுத்து ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓட, அதே கடைக்காரர் பழையதைப் பிடுங்கிப் புதியதைச் சொருகினார். வாயிலிருந்த வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. இதற்காகவா அத்தனை பாட்டைக் கேட்காமல் விட்டேன்?

மரப்பெட்டியை மனைவி எடுத்துக்கொண்டாள். அதில் இப்போது முறுக்கு இருக்கிறது, என்னிடமிருந்து காப்பாற்ற. அதே பூட்டு, அதே இடுப்பில் சாவி.

போன வாரம் மாமனார் வந்திருந்தார். பூட்டில் பள்ளிக்கூட பீரோ சாவி தொங்குவதைப் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இதுக்குப் பிளக்கு இல்ல மாப்ளே" என்றார்.