28ஆம் வாரத்துக்கு ஐந்து பேர்

நடந்தது, வரிசையில்:

1. ஜனவரியில் அக்காவின் கல்யாணத்துக்கு நாள் வைத்தார்கள். இடம் டொரொன்டோ. ஆடி பிறப்பதற்கு முன் கிடைத்த கடைசி முகூர்த்தம். அது வருடத்தின் 28ஆம் வாரம், ஜூலையில்.
2. சுவிட்சர்லாந்தில் எங்கள் கன்டோனில், அதாவது மாநிலத்தில், பள்ளிக்கூடங்களின் கோடை விடுமுறை தொடங்குவதும் 28ஆம் வாரத்தில்தான்.
3. எங்கள் அளவீட்டு அறையில் ஐந்து பேர். ஒரு வாரத்தில் ஒருவர்தான் விடுமுறையில் போகலாம்.
4. யார் முதலில் வாரத்தைத் தெரிவு செய்வது என்பது போக்கர் ஆடித் தீர்மானிக்கப்படும்.
5. எனக்குப் போக்கர் தெரியாது.

வில் நகருக்குப் பக்கத்தில், இயந்திரப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. நான்கு வருடத் தொழிற்பயிற்சியை முடித்து அங்கே சேர்ந்த முதல் குளிர்காலம் அது. ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை அளந்து, சரி அல்லது பிழை என்று எழுதுவது எங்கள் வேலை.

முன்பெல்லாம் காரணம் சொல்லித்தான் விடுமுறை கேட்டார்களாம். ஒருவருக்குப் பிள்ளைகள், இன்னொருவருக்கு நோயாளித் தாய். யாருடைய காரணம் பெரிது என்று சண்டை வந்து, இரண்டு பேர் ஒரு வருடம் முகம் பார்க்காமல் வேலை செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ரெட்டோ என்ற மூத்த சக ஊழியர் ஒரு விதி கொண்டுவந்தார். யாரும் காரணம் சொல்லக் கூடாது. மூன்று நாள் மதிய இடைவேளையில் போக்கர். ஆளுக்கு 5,000 பெறுமதியான சிப்ஸ், அதாவது பந்தய வில்லைகள்; காசு கிடையாது. கடைசிவரை தாக்குப்பிடிப்பவர் முதலில் வாரத்தை எடுப்பார். மேலாளரும் தலையிடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வந்தால் அவருக்குப் போதும்.

மேசையில் எல்லோரும் பயப்படும் ஆள் குகன் அண்ணை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். அந்த அறையில் இருபது வருடங்களுக்கு மேல் இருக்கிறார். சனிக்கிழமைகளில் கசினோவில் நடக்கும் போக்கர் போட்டிகளுக்கும் போவார். அவருக்கும் 28ஆம் வாரம்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு வாரத்தில் அவரளவுக்கு ஆட முடியாது என்பது தெளிவு. ஆகவே, நான் எடுக்கவேண்டிய முடிவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது என்று தீர்மானித்து, ஓர் அட்டையில் எழுதிக்கொண்டேன்:

- பத்துச் சுற்றுக்கு எட்டுத் தடவை சீட்டை வைத்துவிட்டு விலகு.
- உனக்குப் பிறகு ஆட நிறையப் பேர் இருந்தால் பயப்படு. கடைசி ஆளாக இருந்தால் கொஞ்சம் துணி.
- சிப்ஸ் பத்து பிளைண்டுக்குக் கீழே போனால் இரண்டே வழி. எல்லாவற்றையும் தள்ளு, அல்லது சீட்டை வை.

பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கவேண்டிய சிப்ஸ்; ஒருவருக்குச் சிறியது, மற்றவருக்குப் பெரியது. நேரம் போகப் போக அது கூடும். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு; எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் பிறகு மேசையில் விரியும். மூன்றாவது விதிதான் முக்கியம். பழகியவர்களின் கெட்டித்தனம், மேசையில் பொதுச் சீட்டுகள் விரிந்த பிறகுதான் வேலை செய்யும். அதற்கு முன்பே எல்லா சிப்ஸும் நடுவில் போய்விட்டால், அனுபவத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை.

முதல் நாள்

"என்ன பிள்ளை, லிஸ்டோட வந்திருக்கிறாய்? சீட்டு உன்ர லிஸ்டைப் பாத்தே வரப்போகுது?" என்றார் குகன் அண்ணை.

இருபது நிமிடம் அட்டைப்படியே ஆடினேன். பிறகு ராணிச் சோடி வந்தது. 2,000 வரை பந்தயம் கட்டிவிட்டேன். மேசையில் ஓர் ஏஸ் விழுந்தது. யாருடைய கையிலாவது இன்னோர் ஏஸ் இருந்தால் என் சோடி தோற்கும். குகன் அண்ணை தன்னுடைய சிப்ஸ் முழுவதையும் தள்ளினார். நான் யோசித்தபோது, மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"உனக்கேன் பிள்ளை வில்லங்கம்? என்னட்ட ஏஸ் இருக்கு. சீட்டை வைச்சிட்டுப் போ."

வைத்துவிட்டேன். அவர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு பத்து, ஒரு ஏழு. ஒன்றுமே இல்லை.

"இருக்கெண்டு சொன்னீங்களே அண்ணை!"

"சொன்னனான்தான். நீ ஏன் நம்பினனீ?"

ரெட்டோவுக்கு எரிச்சல். "இரகசியம் பேசுகிறீர்களா? நாளையிலிருந்து மேசையில் எல்லோருக்கும் புரியும் மொழி மட்டும்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் என் பிழையைத் தேடினேன். ஜெர்மனில் அவர் எனக்குக் குகன். நீ, நான் என்றுதான் பேசுவோம். அந்த மொழியில் அவர் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தமிழில் அவர் அண்ணை. வீட்டில் பெரியவர்கள் அந்தக் குரலில் ஒன்றைச் சொன்னால் நாங்கள் சரிபார்ப்பதில்லை. அட்டையில் நான்காவது வரி எழுதினேன்: *பேச்சைக் கணக்கில் எடுக்காதே.*

இரண்டாம் நாள்

என்னிடம் 3,000. பெரிய பிளைண்ட் 400. அதாவது ஏழரை பிளைண்ட். தள்ளு, அல்லது வை. ஐந்து தடவை எல்லாவற்றையும் தள்ளினேன். நான்கு தடவை யாரும் அதே அளவு வைத்து எதிர்க்கவில்லை. ஐந்தாவது தடவை ரெட்டோ எதிர்த்தார். என்னுடைய பத்துச் சோடி வென்றது. சிப்ஸை எடுக்காமல் அட்டையையே மறுபடி வாசித்தேன்.

"மதுரா, மூச்சு விடு" என்றார் ரெட்டோ. தோற்ற சிப்ஸை அவரே என் பக்கம் நகர்த்தினார்.

மூன்றாம் நாள்

குகன் அண்ணை இரண்டு பேரை வெளியேற்றினார். ரெட்டோ என்னிடம் தோற்றார். பன்னிரண்டு ஐம்பதுக்கு நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். என்னிடம் 13,000, அவரிடம் 12,000. பத்து நிமிடத்தில் இடைவேளை முடியும். அம்மா அந்தக் காலையில் அனுப்பிய செய்திக்கு நான் இன்னும் பதில் போடவில்லை: "டிக்கெட் போடட்டோ?"

என் பெரிய பிளைண்ட் 2,000 உள்ளே இருந்தது. என் சீட்டு ஏஸும் எட்டும். அவர் 12,000த்தையும் தள்ளினார். பிறகு தமிழில் பேசினார். இப்போது இருவரும் தமிழர் என்பதால் ரெட்டோ தடுக்கவில்லை.

"பிள்ளை, இந்தமுறை பகிடி இல்லை. உண்மையா என்னட்ட பெரிய சோடி இருக்கு. வைச்சிடு. உனக்கு இன்னும் பதினொண்டு மிச்சம் இருக்குமெல்லே."

கணக்கு இது. 24,000க்காக இன்னும் 10,000 வைக்க வேண்டும். நூறில் நாற்பத்திரண்டு தடவை வென்றால் போதும். ஆறு பிளைண்டோடு இருப்பவர் சுமாரான சீட்டுக்கே தள்ளுவார். அப்படிப் பார்த்தால் நான் எதிர்க்க வேண்டும். அவர் சொல்வது உண்மையானால் எனக்கு நூறில் முப்பதுதான். சீட்டை வைக்க வேண்டும். முழு முடிவும் அவருடைய வார்த்தையில் தொங்கியது.

"கதையன் பிள்ளை. நேரம் போகுது."

நான்காவது வரியைப் பார்த்தேன். "எதிர்க்கிறேன்" என்றேன், ஜெர்மனில்.

அவர் திருப்பினார். இரண்டு ராஜா. உண்மைதான் சொல்லியிருந்தார்.

நான்கு பொதுச் சீட்டுகள் வந்தன. எனக்கு எதுவும் இல்லை. ஐந்தாவது சீட்டு ஏஸ்: ராஜாச் சோடியை வெல்லும் ஏஸ் சோடி எனக்கு.

யாரும் கைதட்டவில்லை. குகன் அண்ணை அந்த ஏஸை எடுத்து மற்றச் சீட்டுகளோடு சேர்த்து வைத்தார்.

"நான் பொய் சொல்லேல்லை" என்றார்.

"ஓம் அண்ணை. தெரியுது."

"தெரிஞ்சென்ன" என்று எழுந்து, வேலை அங்கியைப் போட்டுக்கொண்டு அளவீட்டு அறைக்குப் போனார்.

புதிதாக வேலைக்குப் போகும் தங்கைகளுக்கு இதில் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அனுபவசாலியோடு உட்காரும் முன்பே விதிகளை எழுதுங்கள். உட்கார்ந்த பிறகு எழுத முடியாது. அவர் கெட்டிக்காரராக இருக்கும் இடத்தைத் தவிர்த்து, இருவரும் சமமாக இருக்கும் இடத்துக்கு ஆட்டத்தைக் கொண்டுவாருங்கள். வென்ற பிறகு, எது உங்கள் முடிவு, எது அதிர்ஷ்டம் என்று தனித்தனியாக எழுதுங்கள். என் குறிப்பேட்டில் அந்தச் சுற்றுக்கு நேரே இப்படி இருக்கிறது: முடிவு சரி. வென்றது அதிர்ஷ்டத்தால்.

28ஆம் வாரம் நான் டொரொன்டோவில் இருந்தேன். குகன் அண்ணை அளவீட்டு அறையில், என் இயந்திரத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அந்த வாரம் அவருக்கு எதற்கு வேண்டியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த வருட ஆட்டம் நேற்றுத் தொடங்கியது. ஐந்து பேரும் இன்னும் மேசையில் இருக்கிறோம். என்னிடம் 4,600 இருக்கிறது, அவரிடம் 7,200. ஆட்டத்தின்போது அவர் இப்போது ஒன்றுமே கதைப்பதில்லை.