தங்கச்செல்வி போட்ட ரூட்டு

பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தங்கச்செல்விக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. கொரோனாவில் பஸ் ஓடாதபோது, மகள் பிரவீணாவின் கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலவனத்தத்தில் இருந்த அம்மாவைப் பார்க்கப் போனாள். முதல் நாள் போய்ச் சேர்ந்தபோது காலிரண்டும் நடுங்கின. ஒரு மாதத்தில், போன சுருக்கில் திரும்பி வந்து கடையைத் திறக்கிற அளவுக்கு ஆகிவிட்டாள். பஸ் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகும் அவள் பஸ்ஸில் ஏறவில்லை. பிரவீணா கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதும் சைக்கிள் அம்மாவுக்கே ஆகிவிட்டது.

கணவர் உதயகுமார் அருப்புக்கோட்டை பஜாரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். முதலில் சிரித்தார். பிறகு அவரே வாரம் ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற யோசனை அவருக்கு எப்போதும் உண்டு. கடைக்கு வருகிறவன் பெயின்ட் டப்பாவைப் பார்க்கிற நேரத்தில் குடும்பத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிற ஊர் அது.

ஊரில் ஒரு சைக்கிள் குரூப் இருந்தது. பருப்பு மில் வைத்திருக்கும் ஐயாத்துரை அண்ணாச்சி அதற்குத் தலைவர் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு ஆண்கள் பந்தல்குடி வரை போய் வடை தின்றுவிட்டுத் திரும்புவார்கள். தங்கச்செல்வி பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்தாள். ஏற்றத்தில் அவர்களில் பாதிப்பேரை அவள் தாண்டிப் போனாள். அதையும் அவர்கள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது.

ஒரு நாள் அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டார். "அருப்புக்கோட்டை டு புதுச்சேரி, கடலோரமா, எட்டு நாள். யாரு யாரு வாரீக?" எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். எந்த வழி, எங்கே தங்குவது, எந்த மாதம் என்று யாரும் கேட்கவில்லை.

"நான் ரூட்டு போடுறேன் அண்ணாச்சி" என்று தங்கச்செல்வி எழுதினாள்.

நாலு மாதம் அதே வேலையாக இருந்தாள். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து வைத்துக்கொள்வாள். தை, மாசியில் போனால் வாடைக்காற்று எதிரே அடிக்கும், வடக்கே ஏற விடாது. ஆடியில் போனால் வெயில் கொளுத்தும், ஆனால் காற்று முதுகைத் தள்ளும். அதனால் ஆடி என்று முடிவு செய்தாள். முதல் நாள் திருச்சுழி, நரிக்குடி, பார்த்திபனூர் வழியாக ராமநாதபுரம். நரிக்குடிப் பக்கம் ரோட்டு ஓரமெல்லாம் கருவை முள். ஆளுக்கு ரெண்டு டியூப் கூடுதலாக வேண்டும் என்று குறித்தாள். மறுநாள் தேவிபட்டினம் வழியாகத் தொண்டி. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு மணமேல்குடி.

ஊர் ஊராகப் போன் பண்ணினாள். லாட்ஜில் சைக்கிளை உள்ளே வைக்க இடம் உண்டா? பெட்ரோல் பங்கில் பெண்களுக்கு டாய்லெட் உண்டா, அது பூட்டிக் கிடக்குமா, சாவி யாரிடம் இருக்கும்? மணமேல்குடியில் மெஸ் வைத்திருக்கும் பெத்தம்மாள் என்ற அம்மாவிடம் மட்டும் ஐந்து தடவை பேசியிருப்பாள். முன்பின் பார்க்காமலே இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வீட்டுக்கதை சொல்லிக்கொள்கிற அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

பதினாலு பக்கம் வந்தது. பன்னிரண்டு காப்பி எடுத்து, ஸ்பைரல் போட்டு, ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். அண்ணாச்சி புரட்டிப் பார்த்துவிட்டு, "கலெக்டர் ஆபீஸ்லகூட இப்படிப் போட மாட்டாக தங்கச்சி" என்றார். அடுத்த மூச்சில், "இன்னொரு பொம்பளையாளு கூட வந்தா நல்லாருக்கும். ஒத்தையா நீங்க மட்டும்னா எங்க வீடுகள்ல பேச்சாகும்" என்றார்.

அவள் அதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டாள். கடைக்கு ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வரும் பெண்களிடமெல்லாம் கேட்டாள். ஒருத்தி, "எட்டு நாளா? எட்டு மணி நேரம் வீட்ல நான் இல்லைன்னா அடுப்புல பூனை படுத்துரும்க்கா" என்றாள். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி ஆசையாகத் தலையாட்டிவிட்டு மறுநாள் போனையே எடுக்கவில்லை. "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாக" என்று தன் மகளுக்காக ஒரு அம்மா பதில் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு அதுவரை மாப்பிள்ளையே பார்க்கவில்லை.

கடைசியில் ஜெகதீஸ்வரி கிடைத்தாள். அருப்புக்கோட்டையில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. இருபத்தேழு வயது. திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமம். பஸ் நேரம் ஒத்துவராததால் தினமும் சாதா சைக்கிளிலேயே வேலைக்கு வந்து போனாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. "கடல நான் பாத்ததே இல்லக்கா" என்றாள். அது போதுமாக இருந்தது.

அவளுடைய அப்பா உக்கிரபாண்டியிடம் தங்கச்செல்வியே நேரில் போய்க் கேட்டாள். மிளகாய்க் காட்டில் நின்றபடியே அவர் பதில் சொன்னார். "பதினோரு ஆம்பளைக போறாகன்னு நான் விடல. நீங்க கூடப் போறீகன்னுதான் விடுறேன். சொல்லிப்புட்டேன்" என்றார். ஜெகதீஸ்வரி லேப்பில் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். இரண்டு பேரும் இரண்டு மாதம் காலையில் சேர்ந்து மிதித்தார்கள்.

ஆனி கடைசியில் அண்ணாச்சி கடைக்கு வந்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "பயணத்த அடுத்த வருசத்துக்குத் தள்ளியாச்சு தங்கச்சி. நாலஞ்சு பேருக்குத் தோதுப்படல" என்றார். அவளுக்கு வருத்தம்தான். ஆனால் சந்தேகம் வரவில்லை. ஜெகதீஸ்வரியிடம் சொல்லலாம் என்று போன் அடித்தாள், அவள் எடுக்கவில்லை. இரண்டு மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. சின்னப் பெண், ஏமாற்றத்தில் இருக்கிறாள், தானாக வருவாள் என்று விட்டுவிட்டாள்.

ஆடி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை உதயகுமார், விருதுநகரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம், போயே ஆக வேண்டும் என்று அவளை விடியக்காலையிலேயே கூட்டிப் போனார். அங்கே போய்ப் பார்த்தால் இவர்களுக்கு முன்னால் யாருமே வந்திருக்கவில்லை. இத்தனை சீக்கிரம் ஏன் வந்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் ஒரு பையனின் மார்க் ஷீட்டை லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மணமேல்குடி பெத்தம்மாள்.

"செல்வி, உங்க ஆளுங்க வந்துட்டாங்கம்மா. பதினோரு பேரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. நீ பின்னாடி வந்துக்கிட்டு இருக்கியா? ஒனக்கு மீன் எடுத்து வைக்கவா?"

தங்கச்செல்விக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எந்த ஆளுகம்மா?" என்றாள்.

"என்னம்மா இது? அருப்புக்கோட்டைக்காரங்கதான். நீ போட்ட புஸ்தகம் ஆளுக்கொண்ணு வச்சிருக்காங்க. நீ எங்கன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கல. அதான் ஒனக்கே போட்டேன்."

பின்னால் தட்டுகள் வைக்கிற சத்தமும், யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டன. அண்ணாச்சியின் சிரிப்பு அது.

"எடுத்து வைக்க வேணாம்மா. நான் வரல" என்று சொல்லிப் போனை வைத்தாள். அதற்குள் லேமினேஷன் மெஷினில் மார்க் ஷீட் சிக்கிச் சுருண்டுவிட்டது. அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அண்ணாச்சி மேல்தான் முதலில் கோபம். பெயின்ட் கடைக்குப் போய் உதயகுமாரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கலர் அட்டையை அடுக்கியபடியே இருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த நிமிடம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"செல்வி, இங்க வச்சுப் பேசாத."

"தெரியுமா தெரியாதா?"

"அண்ணாச்சி வந்து கேட்டாரு. ரெண்டு பொம்பளைகளா வந்தாலும் அவுக வீடுகள்ல சரிப்படாதுன்னாரு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலன்னாரு. நான்தான், தள்ளிப்போச்சுன்னு சொல்லிருங்க, அவ மனசு நோகாதுன்னு சொன்னேன்." கலர் அட்டைக் கட்டை ஓரமாக வைத்தார். "எனக்கும்தான் நாலு பேரு கேக்குறாக. பொண்டாட்டிய எட்டு நாள் ஊரு மேல அனுப்புறியான்னு. நான் என்ன பதில் சொல்ல?"

"அனுப்புறேன்னு சொல்லிருக்கலாம்ல" என்றாள். கடையை விட்டு இறங்கி நடந்தாள்.

விருதுநகர் விசேஷம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பதினோரு பேரும் அன்று காலையில்தான் கிளம்பியிருக்க வேண்டும். அவள் கண்ணில் படாமல் இருக்கத்தான் அந்த அவசரம்.

மறுநாள் லேப்புக்குப் போனாள். ஜெகதீஸ்வரி அவளைக் கண்டதும் கையுறையைக் கழற்றாமலே எழுந்து வந்தாள். முகம் கடுகடு என்று இருந்தது.

"என்னக்கா, இப்ப எதுக்கு வந்தீக?"

"நீ ஏன் போன எடுக்கல?"

"எதுக்கு எடுக்கணும்? நீங்கதான் வரலைன்னுட்டீகளாமே. வீட்டுக்காரரு வேணாம்னுட்டாரு, அதனால அந்தப் பிள்ளையையும் வர வேணாம்னு சொல்லச் சொன்னாகன்னு அண்ணாச்சி போன் பண்ணுனாரு. எங்கய்யா முன்னால நான் எப்படி நின்னிருப்பேன்? 'அந்தம்மாள நம்பி விட்டேன், அவுகளே ஒளிஞ்சுக்கிட்டாக'ன்னு ஊரு பூராம் சொல்லிட்டு அலையிறாரு."

தங்கச்செல்வி நடந்ததையெல்லாம் சொன்னாள். ஜெகதீஸ்வரி முழுக்கக் கேட்டாள். நம்பினாளா என்று சொல்ல முடியாது. "சரிக்கா. இப்ப என்ன செய்ய? லீவையும் திருப்பிக் குடுத்துட்டேன். அய்யா மாப்பிள்ளை பாத்துட்டாரு. இனிமே காலைல சைக்கிள் எடுத்தாலே சத்தம் போடுறாரு" என்றாள். உள்ளே யாரோ ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் போய்விட்டாள்.

பதினோரு பேரும் புதுச்சேரி போய் ஊர் திரும்பினார்கள். பேப்பரில் படம் வந்தது. பயணத்தைத் திட்டமிட்டு வழிநடத்தியவர் என்று அண்ணாச்சி பெயர் இருந்தது. அந்தச் செய்தியை லேமினேஷன் போட ஒரு ஆளைத் தங்கச்செல்வியின் கடைக்கே அனுப்பி வைத்தார். தெரிந்து அனுப்பினாரா, யோசிக்காமல் அனுப்பினாரா தெரியாது. "மெஷினு ரிப்பேரு" என்று திருப்பி அனுப்பினாள்.

புரட்டாசியில் அவள் தனியாகக் கிளம்பினாள். உதயகுமார் தடுக்கவில்லை. குற்ற உணர்ச்சியாக இருக்கும். "நான் வேணா பைக்ல பின்னாடி வரட்டுமா?" என்றார். "வேணாம்" என்றாள்.

காற்று அடங்கியிருந்தது. திருச்சுழி தாண்டி நரிக்குடி வரை ரோட்டில் ஆளே இல்லை. இரண்டு இடத்தில் முள் குத்தி, அவளே டியூப் மாற்றினாள். மாலையில் ராமநாதபுரம் லாட்ஜில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் மேனேஜர், "ஓ, ஐயாத்துரை சார் குரூப்பா? ஆடியில வந்தாகளே. ஜாலியான ஆளு" என்று ரூம் சாவியைக் கொடுத்தார். மறுநாள் ஒரு பங்கில் டாய்லெட் சாவி கேட்டபோதும் அதே பேச்சு. தொண்டியிலும் அதே. எந்த ஊருக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் அவர்கள் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். வழி முழுக்க அவளுக்கு மனப்பாடம். எந்தத் திருப்பத்துக்குப் பிறகு கடல் தெரியும் என்பதுகூடத் தெரியும். தெரிந்தபடியே கடல் வந்தது. சைக்கிளை நிறுத்திப் பார்த்தாள். பக்கத்தில் ஜெகதீஸ்வரி இருந்திருந்தால் கத்தியிருப்பாள் என்று தோன்றியது. தனக்கு ஒன்றுமே தோன்றாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மணமேல்குடியில் பெத்தம்மாள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்து மீனை முள் பார்த்து வைத்தாள். "அந்த மனுசன் காசு குடுக்கும்போது, இதெல்லாம் என் ஏற்பாடுன்னு சொல்லிக்கிட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல. சொல்லிருக்கணும்" என்றாள். தங்கச்செல்வி அங்கேதான் அழுதாள். போன் வந்த அன்றும், கணவர் சொன்னபோதும் வராத அழுகை, முன்பின் பார்த்திராத ஒரு அம்மாவின் மெஸ்ஸில் சோற்றைப் பிசையும்போது வந்தது.

"சாப்டுட்டு மேல போம்மா. வேளாங்கண்ணி வரைக்குமாவது போய்ட்டு வா" என்றாள் பெத்தம்மாள்.

"இல்லம்மா. இதுக்கு மேல எல்லாம் அவுக ரோடா ஆயிப்போச்சு" என்றாள் தங்கச்செல்வி. அன்றைக்கே சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

கார்த்திகையில் ஐயாத்துரை அண்ணாச்சி சேவு பொட்டலத்தோடு கடைக்கு வந்தார். "நடந்தது நடந்துபோச்சு தங்கச்சி. கோவத்த விடுங்க. மார்கழில கன்னியாகுமரி போறோம். நீங்க ரூட்டு போட்டுக் குடுத்தா நல்லாருக்கும். இந்தத் தடவை உங்க பேர முதல்ல போட்டுருவோம்" என்றார்.

"என் பேரு மட்டும் வருதா அண்ணாச்சி, இல்ல நானும் வாரேனா?"

அவர் பொட்டலத்தைக் கவுன்ட்டரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். "அது... வீடுகள்ல கேட்டுட்டுத்தான் சொல்லணும்."

"அப்ப ரூட்டையும் வீடுகள்லயே கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த அடுத்த ஆளின் ரேஷன் கார்டை வாங்கினாள்.

மார்கழியில் அவர்கள் கன்னியாகுமரி போனார்கள். நன்றாகத்தான் போய் வந்தார்களாம். தையில் ஜெகதீஸ்வரிக்குக் கல்யாணம் நடந்தது. தங்கச்செல்விக்குப் பத்திரிகை வரவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தங்கச்செல்வி சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறாள். சனிக்கிழமை தவறாமல் உதயகுமார், "நாளைக்கு எந்தப் பக்கம் செல்வி?" என்று கேட்கிறார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். அவள் சொல்வதில்லை.