மாரிகுப்பம் ரயிலில் ஒரு மார்மன்

கசக்கிய எலுமிச்சை இலை வாசம்... மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் ஸ்டெல்லா டிபன் டப்பாவைத் திறந்ததும் அதுதான் வந்தது. உள்ளே சாப்பாடு இல்லை. ஒரு குச்சி, அதில் ஒரு கூட்டுப்புழு.

நானும் அவளும் டிப்ளமோ ஒன்றாகப் படித்து, பெங்களூரில் ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. எங்கள் ஊரில் ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், அவள் வீட்டு எலுமிச்சைச் செடியில் அது முட்டையாக இருந்தபோதே பார்த்துவிட்டாளாம். முதலில் பறவை எச்சம் மாதிரி, அப்புறம் இலைப் பச்சையில் புழு, பிறகு இடுப்பில் ஒற்றை நூல் கட்டிச் சாய்ந்து நின்ற கூடு... தினமும் ரிப்போர்ட் கொடுப்பாள். நான் காதில் வாங்கினதே இல்லை.

அன்று கூடு கறுத்திருந்தது. செத்துவிட்டது, ஜன்னல் வழியாகப் போடு என்றேன்.

"கறுத்தா செத்துச்சுன்னு அர்த்தமா? றெக்கை கலர்டா அது. இன்னிக்கி வெளிய வரும். லீவு கெடைக்கல, இன்னா பண்ண சொல்ற?"

பங்காரப்பேட்டை வருவதற்குள் கூடு பிளந்தது. ஈரத்துணி மாதிரி கசங்கிய இறக்கைகளோடு வண்ணத்துப்பூச்சி குச்சியில் தொங்கியது. காய ஒரு மணி நேரமாவது வேண்டும், யாராவது இடித்தால் இறக்கை கோணிவிடும், அப்புறம் பறக்கவே பறக்காது என்றாள்.

கூட்டம் ஏறியது. நான் எழுந்து முதுகால் தடுத்து நின்றேன்.

"இன்னாப்பா, பூச்சிக்கு சீசன் பாஸ் இருக்கா?" என்றார் தினமும் எங்களோடு வரும் அண்ணன் ஒருவர். கேட்டுவிட்டு அவரும் என் பக்கத்தில் முதுகைக் கொடுத்தார்.

இறக்கை விரிந்தது. கறுப்பு, நடுவில் வெள்ளை, ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள். போனில் தேடி, காமன் ரோஸ் வகை என்று தீர்ப்புச் சொன்னேன்.

"ரோஸுக்கு உடம்பு செவப்பா இருக்கும். இதுக்குக் கறுப்பு. எலுமிச்சை தின்னு வளர்ந்தது எப்படிடா ரோஸ் ஆவும்? இது காமன் மார்மன், பொண்ணு. ரோஸ் விஷம்னு குருவி தொடாது. அதான் அது மாதிரி வேஷம்."

குவாலிட்டி செக்கிங்கில் இருப்பவன் நான். போனைப் பைக்குள் போட்டேன்.

ஓடுகிற ரயிலிலிருந்து விட்டால் காற்று அடித்துப் போட்டுவிடும். பெங்களூரில் இறங்கினால் மிதிபடும். ஒயிட்ஃபீல்டுக்கு முன்னால் சிக்னலில் ரயில் நின்றது. பெட்டி முழுக்கத் திட்டியது. ஸ்டெல்லா குச்சியை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள். அது அசையவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, கிளம்பாதே என்று ஒரு ரயிலிடம் வேண்டிக்கொண்டேன்...

எழும்பியது. ஒரு தடவை தடுமாறி, புங்க மரங்களுக்குள் போய்விட்டது. அன்று எங்கள் இரண்டு பேருக்கும் லேட் மார்க்.

இப்போது ஸ்டெல்லா கல்யாணமாகி ஓசூரில். எனக்குக் கம்பெனி பஸ்... ஏசி, தனித்தனி சீட், யாரும் யாரையும் இடிப்பதில்லை. பக்கத்தில் உட்காருகிறவன் பெயர்கூடத் தெரியாது. எட்டரைக்கு வாசலில் இறக்கிவிடுகிறது.

ஒரு நாளும் லேட் இல்லை.