அண்ணன் மகள் நம் மாவட்டக் கல்லூரியில் மருத்துவம் படிப்பது ஏன்?

அண்ணனின் உயிர் பிரிந்த அன்று கட்டிலருகே இருந்தவர்கள் நாலு பேர்: மதினி, அவர்கள் மகள் ஜெனிஷா, எங்கள் அக்கா, நான். குருவானவர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அண்ணன் நம் கடலோர ஊரான இனயத்தில் பிறந்தவர். அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு வள்ளத்தில் ஏறி, எங்களை வளர்த்து ஆளாக்கியவர். நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டபோது என்னை அடித்துவிட்டு, அவரே உட்கார்ந்து அழுதார். அன்பாக ஒருவர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கியபோது, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், பொட்டாசியம் சேரக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகவே சொன்னார்கள். நாங்கள் டம்ளரால் தண்ணீரை அளந்தோம். பார்க்க வந்தவர்களோ நம் வழக்கப்படி கருக்கு, அதாவது செவ்விளநீர், கொண்டுவந்தார்கள். "கருக்கு, குடிக்கிற வெள்ளக் கணக்குல சேருமா? மருந்தில்லியா இது, குடியும்" என்றார்கள். அண்ணன் குடித்தார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அது ஏறித்தான் இதயம் நின்றது என்பது பிறகே எங்களுக்கு விளங்கியது.

இந்த ஆண்டு ஜெனிஷாவுக்குச் சென்னையில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வந்தது. அவளோ அண்ணன் படுத்திருந்த ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நம் மாவட்டக் கல்லூரியையே முதலாவதாகக் குறித்தாள்.

"ஏட்டி, மெட்ராஸ் கிடைக்கும்போ இங்க என்னத்துக்கு? கிறுக்கா உனக்கு?" என்றார் அக்கா.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். "அப்பா கெடந்த வார்டு வழியாத்தானே தெனமும் போவணும் மக்கா, நெஞ்சு தாங்குமா?" என்றேன்.

"தாங்காது சித்தப்பா. ஆனா நம்ம கடப்பொறத்து ஆளுவ அங்கதானே வரும்? பொட்டாசியம்னா அவியளுக்கு என்ன வெளங்கும்? கருக்கு குடிச்சியளான்னு கேக்க அங்க ஒரு ஆளு வேணும்."

அக்கா எழுந்து அடுக்களைக்குப் போனார். அழுதது எங்களுக்குக் கேட்டது.

வகுப்பு தொடங்கிவிட்டது. வார்டுக்குள் விட இன்னும் நாளாகுமாம். அந்த வராந்தாவைத் தலையைக் குனிந்துகொண்டே கடப்பதாக மதினியிடம் சொல்லியிருக்கிறாள்.

ரத்தம் கொடுத்தவர்கள், கார் ஓட்டியவர்கள், பெட்டியைச் சுமந்தவர்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இளநீர் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. யார் மேலும் எங்களுக்கு மனவருத்தம் இல்லை; பாசத்தால்தான் கொண்டுவந்தீர்கள். நம் தெருவில் இன்னும் இரண்டு பேர் டயாலிசிஸுக்குப் போய் வருகிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும்போது, தயவுசெய்து வெறுங்கையோடு போங்கள்.