விளக்கைச் சுற்றிய வளையம்

தங்கச்சிமடம் கரையில் நின்று, கடலில் பொட்டாகத் தெரியும் பாயைப் பார்த்தே அது யார் வள்ளம் என்று சொல்லிவிடுவேன். மற்ற வியாபாரிகள் அடையாளம் காணுமுன் அது ஒதுங்கும் இடத்தில் போய் நிற்பேன். சுதந்திரம் வந்த வருசம் ஓலைக் கொட்டகையில் தொடங்கிய என் கருவாட்டு வியாபாரம் மூன்று கிட்டங்கியாக வளர்ந்தது இந்தக் கண்ணால்தான். கிட்டத்தில் எழுத்து மங்கித்தான் தெரியும். இரண்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அதனால் என்ன நட்டம்?

என் மனைவியின் தம்பிக்குச் சிறு வயதிலேயே தடிக்கண்ணாடி. கழற்றினால் எதிரே நிற்பது ஆளா, தூணா என்று தெரியாது. ஆனால் பத்தாவது வரை படித்தவன். கரையில் எல்லாரும் அவனுக்குத்தான் முதலில் நாற்காலி போடுவார்கள். நான் சோறு போட்டு வைத்திருந்தவனுக்கு! வயிறு எரியும் எனக்கு. அதைத் தணிக்க ஒரே வழிதான் இருந்தது.

"மாப்ள, அங்கன வாறது யார் வள்ளம்?"

"எங்கன மச்சான்?" என்று அவன் கண்ணைச் சுருக்குவான். அதில் எனக்கு அப்படி ஒரு சுகம்.

ஐம்பதை நெருங்கியபோது, அந்தியில் பெட்ரோமாக்ஸ் ஏற்றினால் அதைச் சுற்றி வானவில் போல வளையம் தெரிய ஆரம்பித்தது. நிலாவைச் சுற்றி வளையம் கட்டினால் மழையும் காற்றும் வரும் என்பது கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விளக்கிலேயே அதைப் பார்க்க என் ஒருவனால்தான் முடியும் என்று நினைத்தேன். "காத்து வருதுப்பா, வள்ளத்த மேல ஏத்துங்க" என்று சத்தம் போட்டேன். இரண்டு தடவை பலித்தும்விட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே மச்சான். ஒங்களுக்குக் கண்ணு கிண்ணு வலிக்குதா?"

"சோடாபுட்டிக்கு எப்படித் தெரியும்? வயித்தெரிச்சல் மாப்ள ஒனக்கு."

வலிக்கத்தான் செய்தது. அவனிடமா சொல்வேன்?

அந்த மாசியில் இடது கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி எடுத்தேன். பித்தம் என்று மூன்று நாள் கஷாயம் குடித்தேன். நாலாம் நாள் அவன்தான் மதுரைக்கு இழுத்துப்போனான். அதற்குள் அந்தக் கண் போய்விட்டது.

டாக்டர் சொன்னார்: "உங்க கண்ணு சின்னது. உள்ள இருக்கிற லென்ஸ் தடிமன். வயசாக ஆக இன்னும் தடிச்சு முன்னால தள்ளுது. கண்ணுல ஊறுற தண்ணி வெளிய போற மூலை அடைபட்டுப் போச்சு. விளக்கச் சுத்தி வளையம் தெரிஞ்சிருக்குமே, அது இதோட அறிகுறிதான்."

"தூரமெல்லாம் அப்படித் தெரிஞ்சுச்சே?"

"அதுவும் இந்தச் சின்னக் கண்ணோட வாகுதான். வலது கண்ணும் அதே வாகு. இப்பவே ஓரத்துல சின்னதா ஒரு துளை போட்டாக் காப்பாத்தலாம்." பிறகு அவன் கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்தார். "இவருது நீளக் கண்ணு. உள்ள இடம் தாராளம். இந்த நோய் வாறது அபூர்வம்."

இதிலும் அவனுக்குத்தான் யோகம்! நல்லா இருக்கிற கண்ணில் கத்தியா, மாட்டேன் என்று எழுந்துவிட்டேன்.

"சரி, வாங்க மச்சான். எந்த வள்ளம் எங்கன வருதுன்னு இனிமே நான் பாத்துச் சொல்றேன்."

கேலியாகச் சொன்னானா, ஆறுதலாகவா, இன்றுவரை தெரியாது. நான் திரும்ப உட்கார்ந்தேன்.

"துளையப் போடுங்க டாக்டர்."

கட்டுப் பிரித்துத் திரும்பும்போது, பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தது. தெற்கே தூரத்தில் ஒட்டுப்போட்ட பாய் ஒன்று.

"மாப்ள, அது யார் வள்ளம்?"

"எங்கன மச்சான்?"

சுகமாகத்தான் இருந்தது. அப்போது அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இரண்டு கண்ணும் முழுசாக இருந்தன. எனக்கு மறுபடி வயிறு எரிந்தது.