காத்துல சுத்துன சக்கரம்

பின் சக்கரம் தரையத் தொடாமச் சுத்தீட்டே இருக்கும். அக்கா காதுல துணியக் கட்டிக்கிட்டு, எங்கியோ பஸ்ஸு போயிருமாட்டம் மிதிப்பா. சைக்கிளு எங்க ஊட்டு நடுவால ஸ்டேண்டு போட்டு நிக்கும். அரை மணி நேரம் மிதிச்சாலும் அதே செவுத்துக்கிட்டத்தான் இருப்பா. "ராசிபுரம் தாண்டியாச்சா அக்கா?"ன்னு கேப்பேன். கையில இருக்கற சீப்பு பறந்து வரும்.

அக்கா நர்சம்மா. நாமக்கல் பக்கம் நாலஞ்சு ஊருக்குச் சைக்கிள்லயே போயி மாசமா இருக்கறவங்களப் பாக்கற வேலை. பிரசவத்துக்கு எங்க ஊட்டுக்கு வந்தா. புள்ள பொறந்தப்பறம் ரெண்டு படி ஏறுனாலே மூச்சு வாங்குச்சு. லீவு முடிய ஒன்றரை மாசந்தான் இருந்துச்சு. அவ மாமியா புள்ளையப் பாக்க வந்தாங்க. கோவமாச் சொல்லல, பிரியமாத்தான் சொன்னாங்க: "முடியலீன்னா வேலைய உட்ரு சாமி. என்ற பையன் போர் போடற ரிக் வண்டியில சம்பாதிக்கறது பத்தாதா?" அக்கா அன்னிக்கு ராத்திரி சோறுந் திங்கல.

டாக்டரம்மா, "தெனம் மூச்சு வாங்கற மாதிரி ஏதாச்சும் பண்ணு"ன்னாங்க. எங்கம்மா, "அஞ்சு மாசம் வாசல் தாண்டக் கூடாது"ன்னாங்க. ஊட்டுக்குள்ளயே மூச்சு வாங்கறதுக்கு என்ன பண்றது? கயிறு தாண்டலாம்னா, "குதிச்சா வயிறு எறங்கீரும்"னு அம்மா கயித்தப் புடுங்கி எருமைக்குக் கட்டீட்டாங்க. சேலத்துல ஒரு கடையில சக்கரமே இல்லாத சைக்கிளு ஒண்ணப் பாத்தேன். ஏறி உக்காந்து மிதிக்கலாம், எங்கியும் போவாது. கடக்காரரு சொன்ன வெலையக் கேட்டுட்டு நானும் எங்கியும் நிக்காம வந்துட்டேன். பெஞ்சு மேல ஏறி எறங்கச் சொன்னேன். பெஞ்சு ஒடஞ்சு போச்சு. நான் சிரிச்சேன். அக்கா அழுதா. ஒடம்பப் பாத்து அழறாளா, பெஞ்சப் பாத்து அழறாளான்னு எனக்கு வெளங்கல.

கடைசியில அவ சைக்கிளையே உள்ள தூக்கியாந்து ஸ்டேண்டு போட்டேன். "மிதிக்க இவ்ளோ லேசா இருக்குதேடா, சரியா?"ன்னு கேட்டா. நான் அப்ப லாரி பட்டறையில இருந்தேன். இஞ்சின் வேலை முடிஞ்ச வண்டிக்கு உடனே லோடு ஏத்த மாட்டாங்க, கொஞ்ச நாளைக்குக் காலியா ஓட்டித்தான் பழக்குவாங்க. எட்டாவதோட நின்னவனுக்குத் தெரிஞ்ச வைத்தியம் அதுதான். "நீயும் வேலை முடிஞ்ச இஞ்சின்தான். இப்பிடித்தான் இருக்கோணும்"னேன். டாக்டராட்டம் மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொன்னதால நம்பீட்டா. அந்தக் கிர்ர்ருங்கற சத்தத்துல புள்ள தூங்கும், நிறுத்துனா கத்தும். அவ ஒடம்புக்கு மிதிக்கறாளா, புள்ளைக்கு மிதிக்கறாளான்னே கொழம்பிப் போச்சு.

லீவு முடிஞ்ச அன்னிக்கு அம்மா மொறைக்க மொறைக்க வாசலத் தாண்டி வேலைக்குக் கெளம்பீட்டா. நான் பட்டறைச் சைக்கிள்ல பின்னால போனேன். ஓடைப் பாலம் தாண்டுனதும் ஒரு மேடு. பாதியிலயே எறங்கிக் கல்லு மேல உக்காந்துட்டா. மூஞ்சி செவசெவன்னு இருந்துச்சு. கேலி பண்ண வாயே வரல.

"ஒரு மாசமா மிதிச்சனேடா. அத்தனையும் எங்கடா போச்சு?"

காத்துல போச்சுன்னு எப்பிடிச் சொல்றது? "லோடு ஏத்திப் பழக்கியிருக்கோணும் அக்கா. தப்பு என்னுதுதான்"னேன். அடிப்பான்னு நெனச்சேன். எந்திரிச்சுச் சைக்கிளத் தள்ளிக்கிட்டே மேட்டுல ஏறுனா. "என்ற மாமியாகிட்ட மூச்சு உட்ட, கொன்னுருவேன்"னா. அவ்ளோதான்.

அன்னிக்குச் சாயந்தரம் பின் பிரேக்குக் கட்டைய ரிம்முல ஒரசறாப்புல முறுக்கி உட்டேன். மிதிச்சா இப்பத்தான் வேர்த்துச்சு. சத்தம் மாறுனதுல புள்ள தூங்கமாட்டேன்னுருச்சு, அம்மா என்னையத் திட்டுனாங்க. காலையில பிரேக்கத் தளத்திக் குடுப்பேன், அக்கா வேலைக்குப் போவா. மேட்டுல மொத நாளு எறங்குன எடத்துல ரெண்டாம் நாளு எறங்கல, அதுக்குக் கொஞ்சம் மேல எறங்குனா. அடுத்த நாளு மறுபடியும் கீழயே. எனக்கு ஒண்ணும் புரியல.

இப்ப அக்கா பையன் பள்ளிக்கோடம் போறான். அக்கா இன்னும் அதே வேலையிலதான் இருக்கறா. அவ தேறுனது பிரேக்கு இறுக்குனதாலயா, தெனம் தள்ளீட்டு ஏறுனதாலயா, நாளானதால தன்னாலயான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாதாம்.

எனக்குத் தெரிஞ்சது அப்ப ஒரு நாள் காலையில நடந்தது மட்டுந்தான். அக்கா எறங்கவே இல்ல. சேலைத் தலைப்ப இடுப்புல சொருவிக்கிட்டு, முக்கி முனகி, உச்சிக்கே போயிட்டா. பின்னால வந்த எனக்குத்தான் பாதியில மூச்சு முட்டுச்சு. மேல நின்னு திரும்பிப் பாத்தா.

"எறங்கித் தள்ளுடா. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."