தோற்றவர்கள் போகும் வீடு

போத்தனூரில் ரயில் ஏறியவர், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆண்கள் பெண்வேடமிட்டுப் போட்டியிடும் வெளிநாட்டு நிகழ்ச்சியைக் கைபேசியில் பார்த்தபடி, ஒவ்வொருவருக்கும் முணுமுணுப்பாக மார்க் போட்டார்.

“ஏனுங்க, இது என்னங்க?” என்று தெரியாதவனைப் போலக் கேட்டேன்.

“போட்டிங்க. இந்த அம்மணிக்கு நாலு மார்க்கே அதிகமுங்க. இடுப்புல துணி நிக்குதுங்களா பாருங்க! அதுகூடப் போவட்டுமுங்க. தோத்தவங்க பெட்டியக் கட்டுனதும் நிகழ்ச்சிய முடிச்சுப்போடறாங்க. ஊட்டுல சேத்துக்கிட்டாங்களான்னு காட்டறதே இல்லீங்க.”

“அப்படீங்களா?” என்றேன்.

காரமடையில் இறங்கிவிட்டார்.

அதே போட்டியை நான் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு முறை பார்த்திருந்தேன். எனக்கும் அதே கேள்விதான் வந்தது. அதை அவரிடம் சொல்லியிருந்தால், என் பெயரையாவது கேட்டிருப்பார்.